சோதனைத் தண்டு தேறியது, தாங்கி முறிந்தது: ஓர் அலுமினிய வார்ப்பில் முறைமாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஓயாமல் அதிரும் இயந்திரம் ஒன்றில் மோட்டாரை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் அலுமினியத் தாங்கி, பல ஆண்டுகளாக மணல் வார்ப்பு முறையில் செய்யப்பட்டு வந்தது. கலவை ஏ356: ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கன், 0.3 விழுக்காட்டை ஒட்டிய மக்னீசியம், 0.2 விழுக்காட்டுக்கு மிகாத இரும்பு, எஞ்சியது அலுமினியம். வார்த்தெடுத்த தாங்கிகள் டி6 என்னும் வெப்பப் பதனத்துக்கு உட்படும். அதாவது, 540 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைத்து, நீரில் சட்டெனத் தணித்து, பிறகு 155 டிகிரியில் முதிர விடுவார்கள். தாங்கியின் வடிவம் எளிமையானது. 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு புயங்களும், அவை சேருமிடத்தில் போல்ட் அமர்வதற்கான 28 மில்லிமீட்டர் தடிப்புள்ள மேடும்தான் அதன் உறுப்புகள். புயம் மேட்டோடு சேரும் வளைவில் தகைவு (பரப்பலகுக்கு வரும் விசை) மிகுதி. தடிப்பில் இருந்த இந்த நான்கு மடங்கு வேறுபாடு, பின்னால் நடந்த எல்லாவற்றிலும் பங்கு வகித்தது.

இயந்திரத்தைச் செய்யும் நிறுவனம் ஒரு கட்டத்தில் மோட்டாரை வேகம் கூடிய வகைக்கு மாற்றியது. புதிய சுமையைக் கணக்கிட்டபோதும் வளைவில் வரும் தகைவு, உலோகம் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் அளவாகிய யீல்டு வலிமையில் பாதியைக்கூட எட்டவில்லை. எனவே தாங்கியில் யாரும் கை வைக்கவில்லை. சில மாதங்களுக்குள், பயன்பாட்டில் இருந்த இயந்திரங்களிலிருந்து விரிசல் விட்ட தாங்கிகள் திரும்பி வரத் தொடங்கின. விரிசல்கள் அனைத்தும் ஒரே வளைவில், மேட்டின் பக்கமாகவே தொடங்கியிருந்தன.

உலோகம் தரமற்றது என்றது இயந்திர நிறுவனம். ஒவ்வொரு முறை உருக்கிய தொகுதியிலிருந்தும் தனியே ஊற்றி எடுத்த சோதனைத் தண்டுகளின் சான்றிதழ்களை எடுத்து வைத்தது வார்ப்பாலை. வரைபடம் கேட்ட இழுவிசை வலிமையும், முறியும்முன் நீளும் அளவாகிய நீட்சியில் 3 விழுக்காடும் எல்லாத் தண்டுகளிலும் தாராளமாகவே வந்திருந்தன. உண்மையில் இரு தரப்பும் தவறாக எதையும் சொல்லவில்லை. சான்றிதழ் பேசியது ஓர் உலோகத்தைப் பற்றி, விரிசல் விட்டது இன்னோர் உலோகத்தில். இரண்டும் ஒரே மூசையிலிருந்து ஊற்றப்பட்டவை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இந்த நிலையில், இரு தரப்பின் பொறியாளர்களையும் வெளியிலிருந்து ஓர் உலோகவியலாளரையும் கொண்ட சிறு குழு அமைக்கப்பட்டது.

முறிந்த துண்டுகளில் தெரிந்தவை

முதலில் எளிய ஐயங்கள் நீக்கப்பட்டன. ஸ்பெக்ட்ரோமீட்டரில் கலவை வரம்புக்குள் இருந்தது, இரும்பு 0.13 விழுக்காடு. கடினத்தன்மை எதிர்பார்த்த அளவிலேயே இருந்ததால் வெப்பப் பதனமும் பழுதில்லை என்று கொள்ளலாம். இந்த இரண்டு சோதனைகளோடு விசாரணையை முடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வார்ப்பு முறையால் வரும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இவ்விரண்டு சோதனைகளின் கண்ணிலும் படாது என்பதால், குழு அங்கே நிற்கவில்லை.

அடுத்ததாக, திரும்பி வராத நல்ல தாங்கிகள் சிலவற்றை அறுத்து, மேட்டிலிருந்தும் புயத்திலிருந்தும் சிறிய இழுவிசைத் தண்டுகள் கடைந்தெடுக்கப்பட்டன. புயத்தில் யீல்டு வலிமை ஏறத்தாழ 208 மெகாபாஸ்கல், இழுவிசை வலிமை 268, நீட்சி 5 விழுக்காடு. மேட்டில் யீல்டு 205, இழுவிசை வலிமை 228, நீட்சி 1.2 விழுக்காடு மட்டுமே. யீல்டு வலிமை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். இக்கலவையில் அதைப் பெரிதும் தீர்மானிப்பது முதிர்வின்போது உள்ளே தோன்றும் மக்னீசியம்–சிலிக்கன் நுண்வீழ்படிவுகளே. அவை வெப்பப் பதனத்தின் பிள்ளைகள். அச்சு மணலா உலோகமா என்பது அவற்றைச் சிறிதளவே பாதிக்கும். விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் எந்த வார்ப்பு முறையிலும் 72 கிகாபாஸ்கலை ஒட்டியே நிற்கும். வார்ப்பு முறை கை வைக்கும் இடம் நீட்சியும், மாறி மாறி வரும் சுமையைத் தாங்கும் சோர்வு வலிமையும்தான். யீல்டு வலிமையை மட்டும் வைத்துக் கணக்கிட்ட வடிவமைப்பாளருக்கு இந்தத் தாங்கி குறையற்றதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

காரணம் நுண்ணோக்கியில் வெளிப்பட்டது. அலுமினியம் உறையும்போது முதலில் தோன்றுபவை டெண்ட்ரைட் எனப்படும் கிளைப்படிகங்கள். அவற்றின் பக்கக் கிளைகளுக்கு இடையேயுள்ள தூரம், அந்த இடம் உறைய எடுத்துக்கொண்ட நேரத்தை எழுதி வைத்தது போன்றது. ஏ356 வகைக் கலவைக்கு, உறைவு நேரத்தை வினாடியில் எடுத்து அதன் கனமூலத்தைப் பத்தால் பெருக்கினால் கிளை இடைவெளி மைக்ரோமீட்டரில் ஏறத்தாழக் கிடைத்துவிடும். புயத்தில் அளந்த இடைவெளி 40 மைக்ரோமீட்டர். அப்படியானால் அப்பகுதி ஒரு நிமிட அளவில் உறைந்திருக்க வேண்டும். மேட்டில் இடைவெளி 70 மைக்ரோமீட்டர். உறைவு நேரம் கிட்டத்தட்ட ஆறு நிமிடம். தனியே ஊற்றிய சோதனைத் தண்டோ 12 மில்லிமீட்டர் விட்டமே கொண்டது, இருபுறமும் தாராளமான ரைசர்கள் (உறையும்போது சுருங்கும் இடத்தை நிரப்பத் திரவம் வைத்திருக்கும் தேக்கங்கள்) உடையது. அதன் கிளை இடைவெளி புயத்தை ஒத்திருந்ததே தவிர, மேட்டின் அருகில்கூட வரவில்லை.

மெதுவாக உறைவதால் கிளை இடைவெளி மட்டும் விரிவதில்லை. கிளைகளுக்கிடையே கடைசியில் உறையும் யூட்டெக்டிக் திரவத்தில் சிலிக்கன் தடித்த தகடுகளாக வளர்கிறது. ஸ்ட்ரான்சியம் 0.01 முதல் 0.02 விழுக்காடு சேர்த்தால் அந்தச் சிலிக்கன் இழைபோன்ற நுண்வடிவம் பெறும். ஆனால் ஸ்ட்ரான்சியம் உருக்குழம்பில் நேரம் செல்லச் செல்லக் குறைந்துவிடும் என்பதால், தொகுதியின் கடைசியில் ஊற்றிய வார்ப்புகளின் மேட்டில் பாதி இழையும் பாதித் தகடுமாக இருந்தது. இரும்பு சேர்ந்த ஊசித்தகடுகளும் இரும்பின் அளவை மட்டும் பொறுத்தவை அல்ல. அதே 0.13 விழுக்காடு இரும்பு புயத்தில் தேடிப் பார்க்க வேண்டிய அளவு சிறிய தகடுகளாகவும், மேட்டில் வெளிப்படையாகத் தெரியும் நீண்ட தகடுகளாகவும் இருந்தது. இவை எல்லாம் விரிசலுக்கு வழி காட்டும் நொறுங்குபொருள்கள்.

முறிந்த முகப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, விரிசல் தொடங்கிய புள்ளியில் ஒவ்வொரு முறையும் ஒரு துளை இருந்தது. மேற்பரப்புக்குச் சற்றே கீழே, அரை மில்லிமீட்டரை நெருங்கும் குழி. அதன் உள்சுவரில் கிளைப்படிகங்களின் வழவழப்பான நுனிகள் தெளிவாகத் தெரிந்தன. உலோகம் கிழிந்த இடத்தில் இப்படி வழவழப்பு வராது. கடைசித் திரவம் வற்றிப்போய், உறையும்போதே வெற்றிடமாக நின்றுவிட்ட சுருக்கத் துளை அது.

துளையா, படிக அமைப்பா

இங்கே குழுவுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. துளைதான் காரணம் என்றால், ரைசரைப் பெரிதாக்கி மணல் வார்ப்பிலேயே தொடரலாம். பருத்த படிக அமைப்புதான் காரணம் என்றால், ரைசரைப் பெரிதாக்குவது உறைவைத் தாமதப்படுத்தி நிலைமையை மோசமாக்கும். மெதுவாக உறைந்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால், நுண்ணோக்கிப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய ஒரு வழி எடுக்கப்பட்டது. மணல் வார்ப்புத் தாங்கிகள் சிலவற்றை, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, 100 மெகாபாஸ்கல் அழுத்தமுள்ள ஆர்கான் வாயுவில் சில மணி நேரம் வைத்தார்கள். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் இந்தப் பதனத்தில், மேற்பரப்போடு தொடர்பில்லாத உள்துளைகள் நசுங்கி, சுவர்கள் ஒன்றோடொன்று பிணைந்து மூடிக்கொள்ளும். கிளை இடைவெளி மாறாது. பிறகு வழக்கம்போல டி6 செய்து மேட்டிலிருந்து தண்டுகள் எடுக்கப்பட்டன. யீல்டு வலிமை அசையவில்லை. இழுவிசை வலிமை 256 மெகாபாஸ்கலாகவும் நீட்சி 3.5 விழுக்காடாகவும் உயர்ந்தன. புயத்தின் 5 விழுக்காட்டை அது எட்டவில்லை. இழப்பின் பெரும்பங்கு துளைகளால், எஞ்சியது பருத்த அமைப்பால் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. மாறி மாறிச் சுமை ஏற்றும் சோதனை மேடையில் துளைகளின் பங்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது: பதனம் செய்யாத தாங்கிகள் சில லட்சம் சுழற்சிகளில் விரிசல் விட்டன, பதனம் பெற்றவை பல மடங்கு தாங்கின. சோர்வு முறிவில் மொத்தத் துளை அளவைவிட, தகைவு மிகுந்த மேற்பரப்பை ஒட்டிய மிகப் பெரிய ஒற்றைத் துளையே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்ற பொதுவான அனுபவத்தோடு இது ஒத்துப்போனது.

இந்தப் பதனத்தையே நிரந்தரத் தீர்வாக்கலாமே என்ற யோசனையும் வந்தது. விமான உறுப்புகளுக்கு அது நடைமுறையில் உள்ளதுதான். இந்தத் தாங்கிக்கு அதன் செலவு பொருந்தாது என்பதோடு, மேற்பரப்பு வரை திறந்திருக்கும் துளைகளை அது மூடாது என்பதும் கருதப்பட்டு, நோயறியும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது.

முன்னிருந்த வழிகள்

முறையை மாற்றுவது என்று முடிவானதும் கொள்முதல் பிரிவு பிரஷர் டை காஸ்டிங் முறையை விரும்பியது. நிமிடத்துக்கு ஒன்று என்ற வேகம், வழவழப்பான மேற்பரப்பு, குறைந்த கடைசல் வேலை என அதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் உலோகவியலும் அதன் பக்கமே. எஃகு அச்சில் உயர் அழுத்தத்தில் மெல்லிய சுவர் நொடிப்பொழுதில் உறைவதால், கிளை இடைவெளி 10 மைக்ரோமீட்டர் அளவுக்குக்கூட இறங்கும்.

குழு அதை ஏற்கவில்லை. அம்முறையில் உருக்குழம்பு நுழைவாயிலில் வினாடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் சீறிப் பாய்ந்து, அச்சிலிருந்த காற்றையும் மசகுப் பூச்சின் ஆவியையும் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. அழுத்தத்தில் சுருங்கிக் கிடக்கும் அந்த வாயு, 540 டிகிரியில் உலோகம் இளகியதும் விரிந்து மேற்பரப்பில் கொப்புளங்களை எழுப்பும். ஆகவே வழக்கமான பிரஷர் டை வார்ப்புகளுக்கு முழு டி6 பதனம் செய்ய முடிவதில்லை. அச்சு எஃகில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கலவையில் இரும்பை 1 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொள்வதும் வழக்கம். அது நீட்சிக்கு எதிரி. அச்சுக்குள் வெற்றிடம் உண்டாக்கி, இரும்பைக் குறைத்து மாங்கனீஸைக் கொண்டு ஒட்டுதலைத் தடுக்கும் கலவைகளால் இவ்விரு தடைகளையும் தாண்டலாம். கார்களின் உடற்சட்ட உறுப்புகள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. ஆனால் 28 மில்லிமீட்டர் மேடு அந்த முறைக்கும் ஏற்றதன்று. மெல்லிய நுழைவாயில் முதலில் உறைந்துவிட்டால், அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் அழுத்தம் மேட்டின் நடுவைச் சென்றடையாது.

குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து மேலாக அச்சை நிரப்பும் முறை உலோகவியல் நோக்கில் மிகச் சிறந்ததாகத் தெரிந்தது. அதற்கான இயந்திரம் அந்த வார்ப்பாலையில் இல்லை. எஞ்சியது, எஃகு அச்சில் புவியீர்ப்பால் மட்டும் நிரப்பும் கிராவிட்டி டை முறை. அதிலும் அச்சைச் சாய்த்து மெல்ல நிமிர்த்தி நிரப்பும் வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. அலுமினியத்தின் மேல்தோல் எப்போதும் ஆக்சைடு படலத்தால் மூடியிருக்கும். உருக்குழம்பின் முகப்பு வினாடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகம் கொண்டால், அந்தப் படலம் மடிந்து உள்ளே போய், பிணைப்பற்ற இரட்டைச் சுவராக, அதாவது பிறவியிலேயே அமைந்த விரிசலாக, வார்ப்பினுள் தங்கிவிடும். வெறும் 13 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே திரவம் அந்த வேகத்தை எட்டிவிடும் என்பதால், கரண்டியிலிருந்து நேரே ஊற்றும் எந்த முறையிலும் இதைத் தவிர்ப்பது கடினம். சாய்த்து நிரப்பும்போது விழுதலே இல்லாமல் செய்ய முடிகிறது.

இடைக்கால ஏற்பாடு

எஃகு அச்சு செய்துவர நாளாகும். அதுவரை பழைய வார்ப்புகளையே அனுப்புவது ஏற்புடையதன்று என்பதால், மணல் வார்ப்பில் உடனே செய்யக்கூடிய மாற்றங்கள் செய்யப்பட்டன. மேட்டை ஒட்டி மணலில் வார்ப்பிரும்புச் சில் (வெப்பத்தை விரைந்து உறிஞ்சும் கட்டி) பதிக்கப்பட்டது. நிரப்பும் பாதை கீழ்ப்புறத்துக்கு மாற்றப்பட்டு, பீங்கான் நுரை வடிகட்டி பொருத்தப்பட்டது.

உருக்குழம்பின் ஹைட்ரஜன் அளவும் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. காற்றின் ஈரமும் உருக்கப் போடும் ஈரமான பொருளும் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உள்ளே விடுகின்றன. உருகுநிலையில் 100 கிராம் திரவ அலுமினியம் ஏறத்தாழ 0.69 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கும், திடநிலையிலோ 0.036 மட்டுமே. இடைப்பட்ட அளவு உறையும்போது வெளியேறி, சுருக்கத்தால் ஏற்கெனவே தவிக்கும் இடங்களில் துளையை ஊதிப் பெரிதாக்குகிறது. மெதுவாக உறையும் பகுதியில் அதற்கு நேரமும் கூடுதல். சுழலும் தண்டின் வழியே ஆர்கான் செலுத்தி வாயு நீக்கிய பிறகு, குறைந்த அழுத்தத்தில் உறையவைத்த மாதிரியையும் சாதாரணமாக உறைந்த மாதிரியையும் எடைபோட்டு அடர்த்தி வேறுபாட்டைப் பார்க்கும் சோதனை ஒவ்வொரு தொகுதிக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குளோரின் சேர்ந்த தூய்மிப்பு உப்புகள் ஸ்ட்ரான்சியத்தையும் இழுத்துச் சென்றுவிடும் என்பதால், உப்பிட்டுத் தூய்மித்த பின்னரே ஸ்ட்ரான்சியம் சேர்க்க வேண்டும் என்று வரிசையும் எழுதி ஒட்டப்பட்டது.

சில் பொருத்திய வார்ப்புகளில் மேட்டின் கிளை இடைவெளி 50 மைக்ரோமீட்டராகக் குறைந்தது. நீட்சி 3 விழுக்காட்டை ஒட்டி வந்தது. களத்தில் இருந்த தாங்கிகளை, விரிசலைக் காட்டும் ஊடுருவு சாயம் பூசிப் பார்த்து, வேகம் கூடிய மோட்டார் உள்ள இயந்திரங்களில் முதலில் மாற்றுவது என்றும் தீர்மானிக்கப்பட்டது.

எஃகு அச்சில் வந்த முதல் வார்ப்புகள்

புதிய அச்சிலிருந்து வந்த முதல் தாங்கிகள் பார்வைக்கு அப்பழுக்கற்றவை. புயத்தை அறுத்துப் பார்த்தபோது கிளை இடைவெளி 22 மைக்ரோமீட்டர், நீட்சி 9 விழுக்காடு. இதற்குமேல் என்ன வேண்டும் என்ற மனநிலை வார்ப்பாலையில் பரவியது. மேட்டிலிருந்து எடுத்த தண்டுகள் அந்த மகிழ்ச்சியைக் குலைத்தன. கிளை இடைவெளி 45 மைக்ரோமீட்டராக, மணல் வார்ப்பைவிட நன்றாகவே இருந்தும், நீட்சி 2 விழுக்காடு. அதாவது சில் பொருத்திய மணல் வார்ப்பைவிடக் குறைவு. எக்ஸ்ரே படத்தில் மேட்டின் நடுவே பஞ்சுபோன்ற நிழல் தெரிந்தது.

நடந்தது இதுதான். உறையும்போது அலுமினியத்தின் பருமன் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்குகிறது; அந்த இடத்தை நிரப்ப ரைசரிலிருந்து திரவம் வந்துகொண்டே இருக்க வேண்டும். மணல் அச்சில் புயம் ஒரு நிமிடம் வரை திரவ நிலையில் இருந்ததால், புயத்தின் முனையில் வைத்த ரைசர் அதன் வழியே மேட்டுக்கும் ஓரளவு ஊட்ட முடிந்தது. எஃகு அச்சிலோ புயம் பத்து வினாடியில் உறைந்து வழியை அடைத்துவிட்டது. ஒன்றரை நிமிடம் உறையவேண்டிய மேடு, ஊட்டம் இல்லாத தீவாயிற்று. வேகமாகக் குளிரவைத்தால் வலிமை கூடும் என்ற பொதுவிதி இங்கே ஓர் இடத்தில் உண்மையாகவும் அதற்கு மூன்று அங்குலம் தள்ளிப் பொய்யாகவும் இருந்தது. குளிரும் வேகத்தைவிட, எந்த இடத்துக்குப் பின் எந்த இடம் உறைகிறது என்ற வரிசை முந்திக்கொண்டது.

அச்சு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததால், வரிசையைத் திருப்ப இருந்த கருவிகள் மூன்று: பூச்சு, குளிர்விப்பு, ரைசரின் இடம். அச்சின் உட்பரப்பில் பூசும் பூச்சு, ஒட்டாமல் இருப்பதற்கு மட்டுமானதன்று. வெப்பம் கடத்தப்படும் வேகத்தை மாற்றும் வலிமையான கருவி அது. ரைசர் அறையில் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு தடிப்பாக இடப்பட்டது. புயத்தில் அதே பூச்சு மெல்லியதாக இடப்பட்டது. மேட்டின் கீழ்ப்பகுதியில் வெப்பத்தைக் கடத்தும் கிராஃபைட் பூச்சு. மேட்டுக்குக் கீழே அச்சில் துளையிட்டு, செம்புக் கலவைச் செருகி ஒன்றைப் பொருத்தி, நிரம்பிய சில வினாடிகளுக்குப் பின் அதன்மேல் அழுத்தக் காற்று பாயும்படி செய்தார்கள். ரைசர் புயத்தின் முனையிலிருந்து நகர்த்தப்பட்டு மேட்டின் தலைமேலேயே வந்தது. அதை அறுத்தெடுத்துக் கடையும் வேலை கூடியதால் கடைசல் பிரிவு முணுமுணுத்தது நியாயமே. அச்சின் வெப்பநிலை 350 டிகிரியை ஒட்டி நிலைத்த பின்னரே வார்ப்புகளை எண்ணிக்கையில் சேர்ப்பது என்றும், அதற்கு முன் வருபவற்றை மீண்டும் உருக்குவது என்றும் விதி செய்யப்பட்டது.

புயத்தின் குளிர்வை வேண்டுமென்றே தாமதப்படுத்தியதால் அங்கே கிளை இடைவெளி 22 மைக்ரோமீட்டரிலிருந்து 28 ஆகக் கூடியது; நீட்சியில் ஒரு பங்கு இழக்கப்பட்டது. அந்த இழப்பு தெரிந்தே ஏற்கப்பட்டது. புயத்தில் மிகுதியாக இருந்த நீட்சியால் தாங்கிக்கு எந்தப் பயனும் இருக்கவில்லை.

விளைவு

திருத்திய அச்சில் மேட்டின் கிளை இடைவெளி 32 மைக்ரோமீட்டர். உறைவு நேரம் அரை நிமிட அளவு. யீல்டு வலிமை 218 மெகாபாஸ்கல், இழுவிசை வலிமை 288, நீட்சி 6 விழுக்காடு. பழைய மணல் வார்ப்பின் மேட்டோடு ஒப்பிட்டால் யீல்டு வலிமை 6 விழுக்காடுதான் கூடியிருக்கிறது, நீட்சியோ ஐந்து மடங்கு. அலுமினியம்–சிலிக்கன் வார்ப்புகளை ஒப்பிட, நீட்சி விழுக்காட்டின் மடக்கையை 150ஆல் பெருக்கி இழுவிசை வலிமையோடு கூட்டும் தரக்குறியீடு ஒன்று வழக்கில் உண்டு. அக்கணக்கில் பழையது 240, புதியது 405. வெறும் இழுவிசை வலிமையை ஒப்பிட்டால் தெரியாத தொலைவு இதில் தெரிகிறது.

சோதனை மேடையில், புதிய மோட்டாரின் சுமைக்குச் சமமான சுமையில் ஒரு கோடி சுழற்சி என்று இலக்கு வைக்கப்பட்டது. எஃகைப் போல, இதற்குக் கீழே முறிவே இல்லை என்று சொல்லத்தக்க தெளிவான எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. அதனால் இலக்கை உயரத்தில் வைக்க வேண்டியிருந்தது. சோதித்த தாங்கிகள் எல்லாம் அதைக் கடந்தன. பிறகு முறியும்வரை சுமையை ஏற்றியபோது, விரிசலின் தொடக்கப் புள்ளிகளில் சுருக்கத் துளை காணப்படவில்லை. ஒன்றில் மடிந்த ஆக்சைடு படலமும், மற்றவற்றில் மேற்பரப்பை ஒட்டிய சிலிக்கன் துகள்களும் தொடக்கமாக இருந்தன. குறை நீங்கிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அடுத்த நிலைக் குறை இப்போது முன்னுக்கு வந்திருக்கிறது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. சிலிக்கன் துகள்கள் தொடக்கத்திலேயே நுண்ணியவையாக இருப்பதால், 540 டிகிரியில் அவை உருண்டு திரள முன்புபோல நீண்ட நேரம் தேவைப்படவில்லை. மணல் வார்ப்புக்கு 12 மணி நேரமாக இருந்த அந்தக் கட்டம், நுண்ணோக்கிச் சோதனைக்குப் பின் பாதிக்கும் கீழாகக் குறைக்கப்பட்டது. தணிக்கும் நீரை 65 டிகிரியில் வைத்துக்கொண்டதால் மெல்லிய புயங்கள் வளைவதும் குறைந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் மாற்றம் வரைபடத்தில் வந்தது. தனியே ஊற்றிய தண்டின் மதிப்புகள் உருக்குழம்பின் தரத்துக்கும் வெப்பப் பதனத்துக்கும் மட்டுமே சான்று என்று குறிக்கப்பட்டு, ஏற்பதற்கான அளவுகோல் மேட்டிலிருந்து வெட்டியெடுக்கும் தண்டுக்கு மாற்றப்பட்டது. மேட்டின் கிளை இடைவெளி 35 மைக்ரோமீட்டருக்கு மிகக் கூடாது என்ற வரியும், வளைவை ஒட்டிய பகுதிக்கு மற்ற இடங்களைவிடக் கடுமையான எக்ஸ்ரே அளவுகோலும் சேர்க்கப்பட்டன. வார்ப்பின் எல்லாப் பகுதிக்கும் ஒரே கடுமையைக் கேட்பது வார்ப்பாலையை வீணாக வருத்தும். எங்கே முறியுமோ அங்கே கேட்டால் போதும் என்பது குழுவின் கருத்து.

அச்சு வெட்டுவதற்கு முன்பே கணினியில் உறைவு வரிசையைக் கணித்துப் பார்த்திருந்தால், மேடு தனித்துவிடப்படுவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். இனி வரும் அச்சுகளுக்கு அந்தக் கணிப்பு வெட்டு ஆணைக்கு முன்நிபந்தனையாக்கப்பட்டுள்ளது. மணல் வார்ப்புக்கு வரைந்த வடிவத்தை அப்படியே எஃகு அச்சுக்கு எடுத்துச் சென்றதும் மறுபரிசீலனைக்கு உரியது. மேட்டின் நடுவைக் குடைந்து தடிப்பை 28 மில்லிமீட்டரிலிருந்து குறைத்திருந்தால், செம்புச் செருகிக்கும் காற்றுக் குளிர்விப்புக்கும் தேவையே எழுந்திருக்காது. சுமை மாறும்போது யீல்டு வலிமையோடு சோர்வுக் கணக்கையும் சரிபார்க்கும் வழக்கம் வடிவமைப்புப் பிரிவில் இப்போது எழுத்தில் உள்ளது.

அன்றாடக் கவனிப்பில் தொல்லை தருவது பூச்சுதான். வார்ப்புகள் வர வர அது தேய்கிறது. புயத்தில் தேய்ந்தால் உறைவு வரிசை பழைய நிலைக்கு நழுவத் தொடங்குகிறது, வெளித்தோற்றத்தில் எதுவும் தெரிவதில்லை. எனவே ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு தாங்கியின் மேடு அறுத்துப் பார்க்கப்படுகிறது. இடைவெளியோ துளையோ வரம்பை நெருங்கினால் அச்சை இறக்கிப் பூச்சைப் புதுப்பிக்கிறார்கள். வேகம் குறைந்த மோட்டாருள்ள பழைய இயந்திரங்களுக்கான மாற்றுத் தாங்கிகள், சில் பொருத்திய மணல் வார்ப்பிலேயே தொடர்கின்றன. இரண்டும் கலந்துவிடாதபடி அவற்றுக்குத் தனிப் பகுதி எண் வார்ப்பிலேயே பொறிக்கப்படுகிறது.